வண்டி படித்து வைத்திருந்த எண்

எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். அதற்குப் பிறகு படிப்பு என்ற சொல்லை என்னிடம் யாரும் எடுத்ததில்லை. நாற்பது வயதில் வந்து சேர்ந்த இந்தத் தொழிலில்தான் அந்தச் சொல் ஒரு நாளைக்குப் பத்து முறை காதில் விழுகிறது.

கார்களின் கம்ப்யூட்டரில் பழைய புரோகிராமை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுவது என் வேலை. ஏற்றி முடித்ததும் அந்த வண்டி அதுவரை தானாகக் கற்று வைத்திருந்ததை எல்லாம் அழிக்க வேண்டும். ஷெட்டுகளில் அதற்குப் பெயர் படிப்பு. "படிப்ப அழிச்சிட்டியா?" என்று கேட்பார்கள். ஆவடி பூந்தமல்லி சாலையில் ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக், புது ஆட்களிடம் என்னைக் காட்டி, "இவனுக்குப் படிப்பு கெடையாது சார், அதான் வண்டிக்கும் இல்லாம ஆக்கிடுவான்" என்பார். வந்தவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

எனக்கென்று ஷெட் இல்லை. பழைய பைக் ஒன்று, லேப்டாப் பை, வண்டியில் செருகும் கருவி, வேலை முடியும்வரை பேட்டரி இறங்காமல் காக்கும் சார்ஜர், இவ்வளவுதான். நசரத்பேட்டையில் ஓர் அறை. காலையில் போன் வரும், கிளம்புவேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, சில நாள் குத்தம்பாக்கம் வரைக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய எனக்கு எப்போதும் வந்ததில்லை. ஓசூரில் லேத் பட்டறை, திருப்பூரில் சாயப் பட்டறை, கொஞ்ச காலம் கிரானைட் லாரியில் கிளீனர், ஒரு ஓட்டலில் மாவாட்டியது. எந்த ஊரிலும் மூன்று வருடம் நிறைந்ததில்லை. இந்த வேலையையும் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன். திரையில் வரும் ஆங்கிலத்தை முழுதாக வாசிக்கத் தெரியாது. எந்த வரி எந்த இடத்தில் வரும் என்று தெரியும். எண்கள் தெரியும். அதை வைத்தே பிழைப்பு ஓடியது.

வண்டி என்ன படிக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஏற்றி அனுப்பும் புரோகிராம் எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். ஆனால் தெருவுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு மாதிரி தேயும். ஒன்றில் கரி கட்டும், ஒன்றில் காற்று கசியும். கம்ப்யூட்டர் அதைக் கவனித்துக்கொண்டே இருந்து, இந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் இவ்வளவு கூட்ட வேண்டும், இவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒரு திருத்தத்தை எழுதி வைத்துக்கொள்ளும். அந்தத் திருத்தம் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணாக இருக்கும். நல்ல வண்டியில் இரண்டு, மூன்று. ஐந்துக்குள் இருந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இருபத்தைந்தைத் தாண்டினால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். அதற்கு முன்னால் எரியாது. புது புரோகிராம் ஏற்றும்போது பழைய திருத்தம் கூடவே இருந்தால் இரண்டும் குழம்பும். அதனால் அழிப்போம். அழித்தபின் வண்டி முதலிலிருந்து படிக்கும்.

அழிப்பதற்கு முன்னால் அந்த எண்ணை ஒரு தடவை பார்த்து எங்காவது குறித்து வைக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வெள்ளை வண்டி ஆவடி சாலை ஷெட்டுக்கு ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. கியர் தானாக மாறும் வண்டி. நெரிசலில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதைக்கிறது என்று புகார். அந்த உதைப்புக்கென்றே கம்பெனி ஒரு புது புரோகிராம் விட்டிருந்தது. வண்டியின் சொந்தக்காரரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மதுரைப் பக்கத்துக்காரர், அம்பத்தூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு, சாப்ட்வேர் கம்பெனியில் வேலை. அதிகம் பேசாதவர். டீ வாங்கி வந்து எனக்கும் மெக்கானிக்குக்கும் கொடுத்துவிட்டுத் தான் குடிக்காமல் நின்றார்.

சார்ஜர் மாட்டுவதற்காக பானெட்டைத் திறந்தேன். கருவியைச் செருகித் திரையைத் திறந்தபோது பக்கவாட்டில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கட்டத்தில் இருபத்து மூன்று என்று நின்றது. பார்த்தேன். பார்த்தது மனதில் ஏறவில்லை. எனக்குச் சொல்லியிருந்தது கியர் வேலை. அந்த நேரத்தில் சார்ஜர் வயர் நழுவியது, அதைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டேன். புகைக்குழாயின் மேல் மாட்டியிருக்கும், புகையில் காற்று எவ்வளவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரில் விரல் பட்டது. பட்டதும் அது ஆடியது. மெக்கானிக்கின் ஸ்பானர் ரேடியேட்டர் மேலேயே கிடந்தது. எடுத்து அரைச் சுற்று இறுக்கிவிட்டு ஸ்பானரை இருந்த இடத்தில் வைத்தேன். தெருவில் நடக்கும்போது செருப்பில் ஒட்டிய கல்லை உதறுவதுபோல ஒரு காரியம் அது. யாரிடமும் சொல்லவில்லை. பிறகு புரோகிராமை ஏற்றினேன். படிப்பை அழித்தேன். ஏசி போடாமல் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டேன்.

சாவியைக் கொடுக்கும்போது அவர் கேட்டார். "அண்ணே, இந்த அப்டேட்டால மைலேஜ் ஏதாவது மாறுமா?"

"மாறாது சார். இது கியருக்கு. மைலேஜுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"கொஞ்சம் கூட?"

"கொஞ்சம்கூட இல்ல சார்."

நான் சொன்னது பொய் இல்லை. அந்தப் புரோகிராமுக்கும் மைலேஜுக்கும் சம்பந்தம் கிடையாது. அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். எதற்காகக் கேட்டார் என்று நான் யோசிக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, அதே ஷெட்டில் நான் வேறொரு வண்டிக்கடியில் படுத்திருந்தபோது, இரண்டு கால்கள் வந்து பக்கத்தில் நின்றன. வெளுத்த பேன்ட், நன்றாகத் துடைத்த கறுப்பு ஷூ. வெளியே வந்தேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர். முத்தாபுதுப்பேட்டையில் தலைமுறையாக இருக்கும் குடும்பம். அண்ணன் தம்பி எல்லாரும் இன்னமும் அதே தெருவில்தான். நிலம் மனைகளாகப் போனபின் இவர் டிரைவர் வேலைக்கு வந்தவர். அந்த வெள்ளை வண்டியை நான்கு வருடம் ஓட்டியவர் இவர்தான். அந்த வீட்டு அம்மாவைப் பூந்தமல்லியில் ஆபீசில் விட்டு, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பக் கூட்டிவருவார்.

நடந்ததை அவர் நிதானமாகச் சொன்னார். ஆறு மாதமாக வண்டி குடிக்கும் பெட்ரோல் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. லிட்டருக்குப் பதினைந்து ஓடியது பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் வந்து கியர் வேலையை முடித்ததும், கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க என்று சொல்லி இவருக்கு இரண்டு வாரம் லீவு கொடுத்திருக்கிறார். அந்த இரண்டு வாரமும் தானே ஓட்டியிருக்கிறார். பதினைந்து வந்திருக்கிறது. அவ்வளவுதான். லீவு முடிந்து வந்தவரிடம், பெட்ரோல் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் இவர் பெயரைப் போட்டு, பெட்ரோல் எடுக்கிறார், எல்லாரும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று எழுதிவிட்டார்.

அந்தக் குடியிருப்பில் இன்னும் ஆறு வீட்டு வண்டிச் சாவிகள் இவரிடம் இருந்தன. ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன சாவிகள், அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டும் என்று கொடுத்து வைத்த சாவிகள். ஒரே வளையத்தில் போட்டு இடுப்பில் மாட்டியிருப்பாராம். மறுநாள் காலையில் ஆறு பேரும் வாட்ச்மேனை விட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த வாட்ச்மேன் இவருடைய தெருக்காரர். தெருவுக்குச் செய்தி போக ஒரு மணி நேரம் ஆகவில்லை.

"ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல நைனா. கேட்டாத்தான எதுனா சொல்லலாம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நான் அதே காலோடதான் ஓட்னேன். காலு மாறல. அப்ப வண்டிதான் மாறிக்கீது. நீ அன்னிக்கு எதுனா பண்ணியா? சின்னதா இருந்தாலும் பரவால்ல. யோசிச்சி சொல்லு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த இருபத்து மூன்று திரும்ப வந்துவிட்டது. சென்சார் ஆடியதும் வந்தது. தளர்ந்த சென்சார் வழியாக வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் தப்பாகப் புரிந்துகொண்டு மாதக்கணக்கில் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. நூற்றுக்கு இருபத்து மூன்று கூடுதல். இவர் மேல் சொல்லப்பட்ட பெட்ரோல் அத்தனையும் புகைக்குழாய் வழியாகப் போயிருக்கிறது. அதற்கு ஒரே சாட்சி அந்த எண். அதை அழித்தவன் நான். கோளாறைச் சரிசெய்ததும் நான். சம்பந்தம் இல்லை என்று சொன்னதும் நான்.

"கியர் புரோகிராம் மட்டும்தான்ணா. வேற எதுலயும் கை வெக்கல" என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லாத இடத்தில் கை வைக்கக் கூடாது. வைத்தால், அதன் பிறகு அந்த வண்டியில் எது போனாலும் நீதான். அந்தப் பயம்தான் எனக்கு முதலில் வந்தது. அதைவிட வேறு காரணம் எதுவும் இல்லை.

அவர் மறுபடி கேட்கவில்லை. "சரி நைனா" என்றார். டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு முகம் கழுவி, கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

ஓசூரில் லேத் பட்டறையில் இருந்தபோது ஒரு மைக்ரோமீட்டர் காணாமல் போனது. விலை உயர்ந்த சாமான். நான் எடுக்கவில்லை. ஆனால் கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவன் நான். முதலாளி என்னைக் கேட்கவில்லை, எல்லார் முன்னாலும் என் பையைத் திறந்து கொட்டச் சொன்னார். கொட்டினேன். ஒரு சட்டை, ஒரு லுங்கி, சோப்பு டப்பா. பையில் இல்லை என்றதும் விற்றுவிட்டான் என்றார்கள். அன்று மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன். ஒரு ஊரில் கெட்டால் அடுத்த ஊர் என்று அப்போது இருந்தது. அடுத்த ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது, முதலிலிருந்து தொடங்கலாம். அந்தப் பட்டறையில் இருந்தவர்களைப் பொறுத்தவரை இன்றைக்கும் அதை எடுத்தவன் நான்தான். அதை நினைத்து நான் தூக்கம் கெட்டவன் இல்லை. ஆனால் அந்த டிரைவருக்கு அடுத்த ஊர் இல்லை. அவருடைய அண்ணன் வீடு, தம்பி வீடு, கோயில், கடை எல்லாம் ஒரே தெருவில் இருக்கிறது.

நான்கு நாள் வேலை பார்த்தேன். ஐந்தாம் நாள் மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த பழைய துணியைக் கீழே போட்டார்.

"மாமே, ஒனக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு? சொல்லாத எடத்துல கைய வெச்சேன்னு நீயே போய் ஒத்துக்குவியா? நாளைக்கு எவன் வண்டில எது புட்டுக்கினாலும் நம்ம ஷெட்டாண்டதான் வந்து நிப்பான்."

"ஷெட்டு பேர சொல்ல மாட்டேன்."

"வண்டி நின்னதே இங்கதான்டா." திரும்பி ஒரு நட்டைக் கழற்றினார். கழற்றி முடித்த பிறகு, "அந்தாளு ஷூவைப் பாத்தியா?" என்றார். "வேல இல்ல. ஆனா பாலிஷ் போட்டுக்கினு வந்துகிறான்." பிறகு அந்தச் சொந்தக்காரரின் போன் நம்பரை என் கையில் பேனாவால் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பத்தூர் போனேன். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு அவர் இறங்கி வந்தார். லுங்கி கட்டியிருந்தார். கியர் புரோகிராம் ஏற்றியவன் ஞாயிற்றுக்கிழமை ஏன் வந்திருக்கிறான் என்று அவருக்குப் புரியவில்லை. நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். எண்ணைப் பார்த்தது, சென்சாரை இறுக்கியது, அழித்தது, மைலேஜ் பற்றிச் சொன்னது, டிரைவர் வந்து கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னது, எல்லாவற்றையும்.

அவர் முகம் இறுகியது. கோபம் என் மேலா, தன் மேலா என்று தெரியவில்லை.

"ரிப்போர்ட் இருக்கா?"

"இல்ல சார். நானே அழிச்சிட்டேன்."

"போட்டோ?"

"எடுக்கல."

"அப்ப நீங்க சொல்றத நான் எப்படி நம்புறது? அவரு உங்ககிட்ட வந்துட்டுப் போயிருக்காரு. நீங்க பாவம் பாத்து வந்திருக்கலாம்."

அது நியாயமான கேள்வி. அதற்கு நான் முன்கூட்டியே ஒரு பதில் வைத்திருந்தேன். சென்சாரை மறுபடி அரைச் சுற்று தளர்த்துகிறேன், நீங்களே ஓட்டுங்கள், வேறு யார் கையிலும் கொடுக்க வேண்டாம், பதினைந்து நாளில் வண்டி மறுபடி படித்துக்கொள்ளும், வந்து எண்ணைக் காட்டுகிறேன் என்றேன்.

"என் வண்டிய நீங்களே கெடுத்துக் காட்டப் போறீங்க."

"ஆமா சார். அரைச் சுத்து."

அவர் வண்டியின் மேல் கை வைத்து நின்றார். வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கம்பெனியில் அவருடைய வேலையே அதுதானாம். வேறு ஆட்கள் எழுதிய புரோகிராமில் பிழை கண்டுபிடிப்பது. பிழை இருக்கிறது என்று வாயால் சொன்னால் அங்கே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதைத் திரும்ப வரவைத்துக் காட்ட வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, "தளர்த்துங்க" என்றார்.

நான் ஸ்பானரை எடுத்தேன். அவர் குனிந்து கிட்டத்தில் பார்த்தார். சென்சாரிலும் குழாயிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு, அதைப் போன் கேமராவில் எடுத்துக்கொண்டார். பிறகு அரைச் சுற்று தளர்த்தினேன். தளர்ந்ததையும் எடுத்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்.

அந்தப் பதினைந்து நாளும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. நான் நினைத்தது தப்பாக இருந்தால்? சென்சார் ஆடியது வேறு, எண் ஏறியது வேறு காரணத்தால் என்றிருந்தால்? அப்படியானால் அந்த மனிதரின் மேல் விழுந்த பழியை நானே போய் இன்னொரு ஆணி அடித்து நிறுத்தியதாக ஆகும். ஒரு நாள் குத்தம்பாக்கத்தில் வேலை முடித்து நிற்கும்போது, அப்படியே நேராகப் பெங்களூர் பக்கம் வண்டியை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பை பைக்கிலேயேதான் இருந்தது. அறையில் விட்டு வருவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு டீ குடித்துவிட்டு நசரத்பேட்டைக்குத் திரும்பினேன்.

பதினாறாம் நாள் காலை ஏழு மணிக்குப் போனேன். அவர் ஏற்கெனவே கீழே நின்றுகொண்டிருந்தார். கருவியைச் செருகினேன். திரை திறந்தது. பத்தொன்பது.

"அன்னிக்கு இருபத்து மூணு இருந்துச்சு சார். அது ஆறு மாசப் படிப்பு. இது பதினஞ்சு நாளு" என்றேன்.

அவர் தன் போனைக் காட்டினார். டேங்கை நிரப்பி நிரப்பிப் பார்த்து எழுதியிருந்தார். பன்னிரண்டு. அவரே ஓட்டிய பன்னிரண்டு. என் கருவியின் திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு டிரைவருக்கு அவரே போன் செய்தார்.

டிரைவர் வர முக்கால் மணி நேரம் ஆனது. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். வாட்ச்மேன் உள்ளே வாங்க என்று கூப்பிட்டும் வரவில்லை. நாங்கள்தான் கேட் வரைக்கும் நடந்து போனோம். அதே கறுப்பு ஷூ.

சொந்தக்காரர் எண்ணைக் காட்டி விளக்கினார். டிரைவர் திரையைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு நடந்துவிட்டது, நாளையிலிருந்து வேலைக்கு வாருங்கள் என்று சொன்னபோது, "வேணாம் சார்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. கையைக்கூட ஆட்டவில்லை.

"வேற என்ன செய்யணும், சொல்லுங்க."

"குரூப்புல எழுதுங்க."

அவர் அங்கேயே நின்று போனில் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது. வண்டியில் சென்சார் கோளாறு இருந்தது, பெட்ரோல் பிரச்சினை முடிந்தது என்று அர்த்தம் சொன்னார்.

டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "அதுல நான் எங்க சார் கீறேன்?"

சொந்தக்காரர் புரியாமல் பார்த்தார்.

"முன்ன எழுதும்போது என் பேர போட்டு எழுதினீங்க. பிரச்சின முடிஞ்சிதுன்னு எழுதினா, ஆள தொரத்திட்டாங்க, முடிஞ்சிதுன்னு படிப்பாங்க. என் பேர போடுங்க சார். நான் எடுக்கலன்னு போடுங்க. தமிழ்ல போடுங்க. வாட்ச்மேனும் அத படிக்கணும்."

வாட்ச்மேன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

சொந்தக்காரருக்குப் போனில் தமிழ் எழுதி அவ்வளவாகப் பழக்கம் இல்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி எழுதினார். நடுவில் ஒருமுறை விரல் நின்றது. அந்தக் குடியிருப்பில் இருநூறு வீடு இருக்கும், எல்லாரும் பார்ப்பார்கள். நிற்கட்டும் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம். அவர் மேலே எழுதினார். டிரைவரின் பெயர், அதற்குப் பிறகு, பெட்ரோல் எடுக்கவில்லை. அவராகவே இன்னொன்றும் சேர்த்தார். "தவறு என்னுடையது." அந்தத் தவறில் பாதி என்னுடையது என்று எனக்குத் தெரியும். அதைச் சேர்க்கச் சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. என் பெயர் அந்த குரூப்பில் யாருக்கும் தெரியாது. அதனால் டிரைவரிடம் திரும்பி, "அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேண்ணா. கை வெச்சிருந்தேன்" என்றேன்.

"தெரியும் நைனா" என்றார். "கேட்டதும் நீ கைய பாத்துக்கின."

அனுப்பியபின் மூவரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கட்டைவிரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதற்கடுத்து ஒருவர், இன்று தண்ணி லாரி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டிருந்தார். அதற்கு நான்கு பேர் பதில் போட்டார்கள்.

டிரைவர், "சரி சார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். நான் திரும்பிப் போய் சென்சாரை இறுக்கினேன். மார்க்கர் கோட்டின் இரண்டு பாதியும் நேராகச் சேர்ந்தன. அழிப்பதற்கு முன்னால் பத்தொன்பதைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். பிறகு அழித்தேன்.

பதினைந்து நாள் கழித்து டிரைவர் எனக்குப் போன் செய்தார். ஆறு சாவியில் ஒன்று திரும்பி வந்ததாம். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் ஒரு டீச்சரம்மா, வாட்ச்மேனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"மீதி அஞ்சு?" என்று கேட்டேன்.

"வரல." பின்னால் பஸ் சத்தம் கேட்டது. "அத வுடு நைனா. இப்பல்லாம் வண்டி எடுக்கசொல்லோ மீட்டர ஒரு போட்டோ புடிச்சிக்கிறேன். கொண்டாந்து வுடசொல்லோ ஒண்ணு. அந்தம்மா வேணான்னாங்க. இருக்கட்டும்மான்னு சொல்லிட்டேன்."

நான்கு வருடம் அந்த மனிதர் ஆறு சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, எந்த போட்டோவும் எடுக்காமல் வண்டி ஓட்டியவர். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. நானும் எடுக்கிறேன்ணா, ஒவ்வொரு வண்டிக்கும், அழிப்பதற்கு முன்னால் என்று மட்டும் சொன்னேன்.

"எடு" என்றார். "பஸ்சு வந்துடுச்சி" என்று வைத்துவிட்டார்.